குரென் லகான்: முதல் எபிசோடிலேயே ஏன் இத்தனை கூச்சல்?

அனிமே, அதாவது ஜப்பானிய அனிமேஷன், பக்கம் புதிதாக வருபவர்களிடம் "இதைப் பாருங்கள்" என்று நீட்டப்படும் ஆக்‌ஷன் தொடர்களில் குரென் லகானுக்கு எப்போதும் ஓர் இடம் உண்டு. நம்பி உட்கார்ந்தவர்களில் பலர் முதல் 20 நிமிடத்திலேயே குழம்பிவிடுகிறார்கள். எல்லோரும் கத்துகிறார்கள். சட்டை போடாத ஒருவன் தன் பெருமையைத் தானே பாடுகிறான். முகமே உடம்பாக உள்ள ரோபோ ஒன்று கூரையைப் பிளந்துகொண்டு விழுகிறது. படம் சில இடங்களில் அசத்துகிறது, சில இடங்களில் அவசரமாகக் கிறுக்கியதுபோல் இருக்கிறது. இது குழந்தைகளுக்கானதா, பழைய ரோபோ தொடர்களைக் கிண்டல் செய்வதா, நிஜமாகவே இப்படித்தானா என்று பிடிபடுவதில்லை.

கேள்வி நியாயமானது. பதில் சொல்லக் கொஞ்சம் பின்னணி வேண்டும். என் கருத்தை முதலிலேயே வைத்துவிடுகிறேன்: இந்தத் தொடரில் மிகை அளந்து ஊற்றப்பட்டிருக்கிறது. எவ்வளவு, எந்த இடத்தில், யார் வாயிலிருந்து என்பதெல்லாம் யோசித்துத் தீர்மானித்தவை. முதல் எபிசோடில் அந்த அளவு கண்ணுக்குத் தெரிவதில்லை.

யார் எடுத்தது, எப்போது

குரென் லகான் 2007 ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை டிவி டோக்கியோவில் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒளிபரப்பானது. மொத்தம் 27 எபிசோடுகள். கைனாக்ஸ் நிறுவனத்தின் தயாரிப்பு. இயக்குநர் ஹிரோயுகி இமாய்ஷி, தொடரின் கதையமைப்பும் முதன்மை எழுத்தும் கசுகி நகாஷிமா. ரோபோக்களை வடிவமைத்தவர் யோ யோஷினாரி.

கைனாக்ஸ் என்ற பெயர் இங்கே முக்கியம். 1995-ல் எவாஞ்ஜெலியனை எடுத்த அதே நிறுவனம்தான் இது. ரோபோவுக்குள் ஏறவே பயப்படும், ஏறினாலும் உடைந்துபோகும் சிறுவனை அந்தத் தொடர் காட்டியது. அதற்குப் பின் வந்த பல ரோபோ தொடர்கள் அந்த மனச்சோர்வின் நிழலிலேயே நடந்தன. 12 வருடம் கழித்து, அதே வீட்டிலிருந்து, "ஏறு, முன்னால் போ" என்று கத்துகிற ஒரு தொடர் வந்தது. அந்தக் கூச்சலில் ஒரு பகுதி அந்தப் பழைய சோர்வுக்குச் சொல்லும் பதில்.

இமாய்ஷியும் சிலரும் 2011-ல் கைனாக்ஸை விட்டு வெளியே வந்து டிரிக்கர் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார்கள். இமாய்ஷி, நகாஷிமா கூட்டணியில் 2013-ல் கில் லா கில் தொடரும், 2019-ல் ப்ரோமாரே படமும் வந்தன. அந்த இரண்டையும் பார்த்துவிட்டு மலைத்தவர்களுக்கும் கீழே சொல்வதில் பெரும்பகுதி பொருந்தும்.

முதல் எபிசோடில் உண்மையில் நடப்பது

தொடக்கத்தில் ஒரு விண்வெளிப் போர். பெரியவனாகிவிட்ட ஒருவன் கப்பலின் மேல்தளத்தில் நிற்கிறான். எதிரே தெரியும் ஒளிப்புள்ளிகள் எல்லாம் எதிரிக் கப்பல்கள். ஒரு நிமிடம்கூட விளக்கம் கிடையாது. சட்டென்று கதை நிலத்துக்கு அடியில் இருக்கும் ஒரு கிராமத்துக்குப் போய்விடுகிறது. அந்தப் போர்க்காட்சி பின்னால் அப்படியே திரும்பி வருவதும் இல்லை. அதை ஒரு வாக்குறுதியாக எடுத்துக்கொண்டால் போதும்: இந்தப் பள்ளத்திலிருந்து கிளம்பி அந்த உயரத்துக்குப் போகப்போகிறோம் என்கிறது.

ஜிஹா கிராமத்தில் மக்கள் வெளிச்சத்தைப் பார்த்ததில்லை. மேலே வானம் என்று ஒன்று இருப்பதாகவே நம்புவதில்லை. சிமோன் என்ற சிறுவனுக்குச் சுரங்கம் தோண்டும் வேலை. கையில் பிடிக்கும் துளைப்பானை வைத்துப் பாறையைக் குடைகிறான், பேசாமல். தோண்டும்போது பச்சை நிறத்தில் மின்னும் ஒரு சின்னத் துளைமுனை கிடைக்கிறது, அதைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் மாட்டிக்கொள்கிறான். அதற்கப்புறம்தான் அந்தச் சட்டை போடாதவன், கமினா, வருகிறான், கூச்சல் ஆரம்பிக்கிறது. மேற்பரப்புக்குப் போக வேண்டும் என்கிறான், கிராமத் தலைவரோடு மோதுகிறான், அடைக்கப்படுகிறான். பிறகு கூரை இடிந்து ரோபோ விழுகிறது, அதைத் துரத்திக்கொண்டு யோகோ என்ற பெண் தன் உயரத்துக்குத் துப்பாக்கி ஏந்தி இறங்குகிறாள். சிமோன் மண்ணுக்குள் கண்டுபிடித்து வைத்திருந்த சிறிய ரோபோவில் ஏறி, மூவரும் கூரையைத் துளைத்துக்கொண்டு மேலே போகிறார்கள்.

இந்த வரிசையைக் கவனியுங்கள். அந்தப் போர்க்காட்சியைக் கழித்துவிட்டால், கதை ஆரம்பிப்பது ஒரு பையன் அமைதியாகத் தோண்டுவதில்தான். பார்வையாளர் மனதில் நிற்பதோ கமினாவின் குரல். அதில்தான் முதல் அபிப்பிராயம் சறுக்குகிறது. இதற்குப் பின்னால் வருகிறேன்.

கத்துவதற்குப் பின்னால் ஒரு பணக்கணக்கு

சினிமாவில் ஒரு வினாடிக்கு 24 பிரேம்கள். ஒவ்வொரு பிரேமுக்கும் தனி ஓவியம் என்றால் 20 நிமிடக் கதைக்கு 28,800 ஓவியங்கள் வேண்டும். வாரம் ஒரு எபிசோடு போடும் தொலைக்காட்சித் தொடருக்கு இது நடக்காத காரியம்.

ஒசாமு தெசுகாவின் முஷி நிறுவனம் 1963 ஜனவரி 1 அன்று டெட்சுவான் ஆட்டம் தொடரைத் தொடங்கியபோதே இந்தச் சிக்கல் வந்துவிட்டது. அவர்கள் கண்டுபிடித்த வழிகள்தான் இன்றுவரை ஜப்பானியத் தொலைக்காட்சி அனிமேயின் இலக்கணம்:

1. ஒரே ஓவியத்தை மூன்று பிரேம்களுக்கு நிறுத்துவது. வினாடிக்கு 24-க்குப் பதில் 8 ஓவியங்கள் போதும்.
2. முகம் அசையாமல் வாய் மட்டும் அசைவது.
3. ஒருமுறை வரைந்த காட்சியைச் சேமித்து வைத்து மறுபடி மறுபடி பயன்படுத்துவது. இதைப் பேங்க் என்பார்கள்.
4. அசையாத ஒரே ஓவியத்தின் மீது கேமராவை நகர்த்தி, குரலையும் இசையையும் வைத்துக் காட்சியை ஓட்டுவது.

இந்த நாலாவதில்தான் கூச்சலின் வேர் இருக்கிறது. கைகட்டி நிற்கும் நாயகனின் ஓவியம் ஒன்று. அதை மூன்று வினாடி நிறுத்துகிறார்கள். படத்தில் அசைவே இல்லை, ஆனால் குரல் உச்சத்தில் இருக்கிறது, பின்னணியில் கோடுகள் பறக்கின்றன. பார்ப்பவருக்குப் பயங்கரமாக ஏதோ நடப்பதுபோல் இருக்கும். செலவு ஒரு ஓவியம். இதில் மிச்சமான உழைப்பை அடுத்து வரும் அடிதடிக்கு மொத்தமாகக் கொட்டலாம்.

தாக்குதலின் பெயரைச் சொல்லிக் கத்துவதும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். 1972-ல் வந்த மசிங்கர் இசட், 1974-ல் வந்த கெட்டர் ரோபோ காலத்திலிருந்தே அப்படி. அதே பேங்க் காட்சி வாராவாரம் வரும்போது, பெயரைக் கத்துவது அதைச் சடங்காக்கிவிடுகிறது. குழந்தைகள் காத்திருந்து கூடவே கத்துவார்கள். பொம்மைக் கம்பெனிகள் விளம்பரம் கொடுக்கும் தொடர்களில் அந்தப் பெயர் கடைக்கும் போய்ச் சேரும்.

குரென் லகானை எடுத்தவர்கள் அந்தத் தொடர்களைப் பார்த்து வளர்ந்தவர்கள். பஞ்சத்தில் பிறந்த வழக்கங்களை அவர்கள் விரும்பி எடுத்துக்கொண்டார்கள். கேலி செய்யவில்லை. இதை அழுத்திச் சொல்லவேண்டியிருக்கிறது, ஏனென்றால் கேலி என்று நினைத்துப் பார்த்தால் இந்தத் தொடர் ஒருபோதும் புரியாது.

அந்தக் "கிறுக்கல்" ஒரு பாணி

யோஷினோரி கனடா (1952–2009) என்ற அனிமேட்டரைத் தெரிந்துகொண்டால் பாதிச் சந்தேகம் தீர்ந்துவிடும். 1977-ல் வந்த சான்போட் 3 போன்ற ரோபோ தொடர்களில் பெயர் வாங்கியவர். 1983-ல் வந்த கென்மா தைசென் படத்தில் அவர் வரைந்த நெருப்பு டிராகன்களை இன்றும் அனிமேட்டர்கள் பார்த்துப் படிக்கிறார்கள்.

வழக்கமாக ஒரு அசைவுக்கு முக்கியமான நிலைகளை ஒருவர் வரைவார், அவற்றுக்கு இடையில் வரும் ஓவியங்களை இன்னொருவர் நிரப்புவார். நிரப்ப நிரப்ப அசைவு வழுக்கிக்கொண்டு போகும். கனடா இடையில் நிரப்புவதைக் குறைத்துவிட்டார். ஒரு நிலையிலிருந்து முற்றிலும் வேறான இன்னொரு நிலைக்குப் படம் தாவும், ஒவ்வொன்றும் நிற்கும் நேரமும் ஒரே சீராக இருக்காது. கால்கள் அகன்று வளையும், உடம்பு முறுகும், கேமராவை நோக்கி வரும் முஷ்டி திரையளவு பெரிதாகிவிடும், ஒளி சிலுவை வடிவில் தெறிக்கும். நடுவில் என்ன நடந்தது என்பதைக் கண்ணே கற்பனை செய்துகொள்கிறது. அதனால் வேகம் இரட்டிப்பாகத் தெரியும்.

அந்தப் பாணியின் வாரிசுகளில் முன்னால் நிற்பவர் இமாய்ஷி. குரென் லகானின் சண்டைக்காட்சி ஒன்றை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். கோணல்மாணலான முகங்கள், நீண்டுபோன கைகள், அடி விழும் கணத்தில் ஓரிரு பிரேம்கள் மட்டும் நிறம் மாறிய படங்கள் எல்லாம் கிடைக்கும். தனித்தனியாகப் பார்த்தால் பிழைபோல் இருக்கும். ஓடும்போது அடியின் கனம் உடம்பில் உறைக்கும். நிறுத்திய படத்தை வைத்து அனிமேஷனை மதிப்பிடுவது இணையத்தில் பரவலான பழக்கம். இந்தத் தொடருக்கு அது அநியாயம்.

யோஷினாரியின் ரோபோ வடிவமைப்பும் இதோடு சேர்ந்தது. ரோபோவின் நெஞ்சு முழுக்க முகம், அதற்குக் கைகால். கேலிச்சித்திரம்போல் தோன்றும். ஆனால் முகம் இருப்பதால் அந்த இரும்பு பல்லைக் கடிக்கலாம், திடுக்கிடலாம், சிரிக்கலாம். உள்ளே உட்கார்ந்திருப்பவரின் உணர்ச்சி வெளியே தெரிகிறது. அதனால் ஒவ்வொரு அடிக்கும் இயக்கும் அறைக்குள் வெட்டிக் காட்டவேண்டிய தேவை குறைகிறது.

வசனம் மேடையிலிருந்து வருகிறது

கசுகி நகாஷிமா அனிமேக்கு வரும் முன்பே நாடகக்காரர். கெகிதான் ஷின்கான்சென் என்ற நாடகக் குழுவுக்கு 1980-களிலிருந்து எழுதுகிறார். ஜப்பானின் பாரம்பரிய நாடகமான கபுகியின் ஆடம்பரத்தை ராக் இசையோடும் வாள்சண்டையோடும் கலந்து பெரிய அரங்குகளில் நடத்தும் குழு அது. கூடவே மங்கா (ஜப்பானியக் காமிக்ஸ்) பதிப்பகம் ஒன்றில் ஆசிரியராகவும் இருந்தவர், கெட்டர் ரோபோ மங்காவை வரைந்த கென் இஷிகாவாவோடு வேலை செய்தவர்.

கபுகியில் முக்கியமான கணத்தில் நடிகர் அப்படியே உறைந்து, கண்ணை உருட்டி ஒரு நிலையில் நிற்பார். அதற்கு மியெ என்று பெயர். பாத்திரம் தன் பெயரையும் பெருமையையும் தானே முழங்கி அறிமுகம் செய்துகொள்ளும் வழக்கமும் உண்டு. கமினா விரலை வானத்துக்கு நீட்டி "என்னை யாரென்று நினைத்தாய்" என்று முழங்கும்போது நடப்பது இதுதான். இயல்பான பேச்சை எதிர்பார்த்து வருபவருக்கு அது கோமாளித்தனமாகப் படும். கடைசி வரிசைக்கும் கேட்கவேண்டிய வசனம் என்று எடுத்துக்கொண்டால், எங்கே நிறுத்துகிறான், எந்தச் சொல்லில் ஏறுகிறான் என்று காது கேட்கத் தொடங்கும். குரல் கொடுத்த கத்சுயுகி கொனிஷியின் உழைப்பு அப்போதுதான் தெரியும்.

கதையின் அறிவியல் எங்கே?

இங்கே இயற்பியல் கிடையாது, கதைக்கென்று விதிகள் உண்டு. இந்த வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டால் "இதெல்லாம் எப்படிச் சாத்தியம்" என்ற கேள்வி அடங்கும்.

1. சக்தி மன உறுதியிலிருந்து வருகிறது. இயக்குபவர் தளர்ந்தால் ரோபோவும் தளரும். நாயகன் துக்கத்தில் மூழ்கும் பகுதியில் அவனுடைய ரோபோ அவன் பேச்சைக் கேட்பதே இல்லை.
2. வடிவம் சுருள். துளைமுனை, மரபணு, பால்வீதி எல்லாமே அந்த வடிவத்தில் இருப்பதாகக் கதை சொல்கிறது. தோண்டும் கருவிதான் ஆயுதமும்.
3. சிறியது பெரியதை ஓட்டும். சிமோனின் சின்ன ரோபோ லகான், கமினாவின் பெரிய ரோபோவான குரென் மீது மேலிருந்து குத்தி இறங்கி இணைகிறது. பிறகு அந்த இணைந்த உருவம் இன்னும் பெரிய ஒன்றின் மையமாகிறது, அது அதைவிடப் பெரியதில். கடைசிச் சண்டையில் விண்மீன் மண்டலங்களையே எடுத்து வீசுகிறார்கள். அப்போதும் நடுவில் இருப்பது அதே சிறிய ரோபோ, அதற்குள் அதே பையன்.

மூன்றாவது விதியை எத்தனை பாராட்டினாலும் தகும். ஆக்‌ஷன் தொடர்களில் எதிரி பெரிதாகிக்கொண்டே போகும்போது நாயகன் யார் என்பதே மறந்துபோவதுண்டு. இங்கே அளவு எவ்வளவு ஏறினாலும் கதை ஜிஹாவின் சுரங்கத்தில் கட்டப்பட்டிருக்கிறது.

நான்கும் ஐந்தும்: தொடரை விட்டுவிடத் தூண்டும் எபிசோடுகள்

நான்காவது எபிசோடில் படமே மாறிவிடும். கோடுகள் தளர்ந்து, உருவங்கள் தட்டையாகி, வேறு தொடர்போல் இருக்கும். காரணம், அந்த எபிசோடை இயக்கியவர் ஒசாமு கொபயாஷி. 2004-ல் பெக் தொடரை இயக்கியவர், தனக்கென்று ஒரு வரையும் பாணி கொண்டிருந்தவர். ஒளிபரப்பான உடனே ஜப்பானிய ரசிகர்கள் கொதித்தார்கள். கைனாக்ஸ் தரப்பிலிருந்து வந்த எதிர்வினைகள் விஷயத்தை மோசமாக்கி, தயாரிப்பில் இருந்த மூத்தவர் ஒருவர் பதவி விலகும் அளவுக்குப் போனது. தரம் விழுந்துவிட்டதோ என்று பயப்படவேண்டாம். ஐந்தாவதிலேயே பழைய உருவம் திரும்பிவிடும்.

அந்த ஐந்தாவது எபிசோடில் கூச்சல் அடங்குகிறது. அதாய் என்ற இன்னொரு நிலத்தடி கிராமம். அங்கே 50 பேருக்கு மேல் இருக்கக்கூடாது, உணவு அவ்வளவுதான். எண்ணிக்கை கூடினால் சீட்டுக் குலுக்கி யாரையாவது மேலே அனுப்பிவிடுவார்கள். அதைக் கடவுளின் கட்டளை என்று மக்களை நம்பவைத்திருக்கிறார் பூசாரி. அவர் கையில் இருக்கும் வேதநூலை அவருக்கே வாசிக்கத் தெரியாது. கமினா அந்த அமைப்பைப் பார்த்துக் கோபப்படுகிறான், ஆனால் அவன் கத்தி எதுவும் மாறுவதில்லை. அந்தப் பூசாரியைக் கதை வில்லனாக்குவதும் இல்லை. அங்கிருந்து இவர்களோடு கிளம்பும் ரோஷியூ என்ற பையன் பின்னாளில் ஒரு முழு நகரத்தையே இதே கணக்கின் முன்னால் நிறுத்தவேண்டி வரும்.

சண்டைக்காக வந்தவர்கள் இதை "சும்மா ஒரு இடைவேளை" என்று கடந்துவிடுகிறார்கள். என்னைக் கேட்டால், முதல் பகுதியில் அதிகம் யோசித்து எழுதப்பட்ட எபிசோடு இதுதான். கத்தினால் தீராத விஷயங்கள் இருக்கின்றன என்று ஐந்தாவது வாரத்திலேயே சொல்லிவிடுகிறார்கள்.

கமினாவின் கூச்சல் எதை மறைக்கிறது

கதையின் முக்கியமான திருப்பம் இங்கே வருகிறது. தெரிந்துகொள்ள விரும்பாதவர்கள் அடுத்த பகுதிக்குப் போய்விடலாம். இதைச் சொல்லாமல் முதல் எபிசோடை முழுதாக விளக்க வழியில்லை.

எட்டாவது எபிசோடில் கமினா இறந்துவிடுகிறான். அதற்குச் சற்று முன்னால் ஒரு பழைய சம்பவம் தெரியவருகிறது. ஜிஹாவில் ஒருமுறை மண் சரிந்து சுரங்கத்தில் மாட்டிக்கொண்டபோது கமினா உள்ளுக்குள் நடுங்கிப்போயிருந்தான். அவனைக் காப்பாற்றியது, நிறுத்தாமல் தோண்டிக்கொண்டிருந்த சிமோனின் முதுகு. அத்தனை முழக்கமும் பயத்தின் மீது போட்ட போர்வை. "உன்னை நம்பு" என்று அவன் சிமோனிடம் திரும்பத் திரும்பச் சொன்னது வெறும் ஊக்கப்பேச்சு இல்லை, தன் கண்ணால் பார்த்த ஒன்றைச் சொல்லியிருக்கிறான்.

இதைத் தெரிந்துகொண்டு முதல் எபிசோடுக்குத் திரும்பினால் அந்த முதல் நிமிடங்களின் அமைதிக்குக் காரணம் புரியும். நாயகன் யார் என்பதைத் தொடர் அங்கேயே காட்டிவிட்டது, நாம் சத்தம் வந்த திசையில் திரும்பிவிட்டோம். கமினா போன பிறகு வரும் சில எபிசோடுகள் துக்கத்திலேயே நகர்கின்றன. சிமோன் தன் துளைப்பானை வைத்து இறந்தவனின் உருவத்தையே செதுக்கிக்கொண்டிருப்பான். முதல் எட்டில் அவ்வளவு சத்தம் போட்டிருக்காவிட்டால் இந்த மௌனத்துக்குக் கனம் வந்திருக்காது.

உறுத்தும் இடங்கள்

பாராட்டும்போது மறைக்கக்கூடாத விஷயங்களும் இருக்கின்றன. யோகோ 14 வயதுப் பெண்ணாகச் சொல்லப்படுகிறாள். அவளுடைய உடையும் கேமரா அவளைப் பார்க்கும் விதமும் அந்த வயதோடு எந்தவிதத்திலும் ஒத்துப்போகாதவை. துப்பாக்கியில் குறி தவறாத, கதையில் முடிவெடுக்கும் பாத்திரத்தை இப்படிக் காட்டியிருப்பது எரிச்சலூட்டுகிறது. ஆறாவது எபிசோடு முழுக்கக் குளியலறை நகைச்சுவை, தொலைக்காட்சிக்காக மாற்றி ஒளிபரப்பப்பட்டது. லீரோன் என்ற பொறியாளரின் பெண்மைச் சாயலை மற்றவர்கள் பயந்து ஒதுங்கும் நகைச்சுவையாக்கியதும் பழைய காலத்து மட்டமான பழக்கம். "அது அந்தப் பாணி" என்று இதற்கெல்லாம் சமாதானம் சொல்ல முடியாது. பாணிக்கு இது எதுவும் தேவைப்படவில்லை.

எங்கே நின்று முடிவெடுக்கலாம்

முதல் மூன்று எபிசோடுகள் ஒரே மூச்சில் பார்க்கவேண்டியவை. மூன்றாவதில்தான் இரண்டு ரோபோக்களும் முதல்முறை இணைகின்றன, வைரல் என்ற எதிரியும் வருகிறான். அவனை மறந்துவிடாதீர்கள், கடைசிவரை வேண்டும். அதற்குள்ளும் ஒட்டவில்லை என்றால் ஐந்தாவதை மட்டும் பார்த்துவிட்டு முடிவுசெய்யலாம். எட்டைத் தாண்டியவர்கள் அநேகமாகப் பதினைந்து வரை நிறுத்தமாட்டார்கள். பதினாறு, அதுவரை நடந்ததைத் தொகுத்துப் போடும் எபிசோடு, தாண்டிவிடலாம். பதினேழில் கதை ஏழு வருடம் நகர்ந்து, புரட்சி செய்தவர்கள் நாற்காலியில் உட்கார்ந்து கோப்புகளில் கையெழுத்துப் போடுவதில் தொடங்கும். தொனி மாறியதைக் கண்டு திகைக்கவேண்டாம், அதாய் கிராமத்தின் கணக்கு அங்கேதான் திரும்ப வருகிறது.

2008-லும் 2009-லும் வந்த இரண்டு திரைப்படங்கள் இதே கதையைச் சுருக்கிச் சொல்பவை. இரண்டாவதின் உச்சக்கட்டம் தொடரைவிடப் பிரம்மாண்டம். முதல் படத்தில் முதல் பாதிக் கதை முழுவதையும் அடக்கியதில் அமைதியான பகுதிகள்தான் அதிகம் வெட்டுப்பட்டிருக்கின்றன. முதல்முறை பார்ப்பவர்கள் தொடரிலேயே தொடங்குவது நல்லது.